பின் சீட்டுக்காரி

மலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தொடைகள் சொன்னதுதான். மற்றவர்கள் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "அடேயப்பா" என்று சொல்லிவிட்டு ஏறத் தொடங்குகிறார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. ஆகவே பயப்படுவதாக இருந்தாலும் பாதி ஏற்றம் ஏறிய பிறகுதான் பயப்பட வேண்டும்.

எங்கள் சைக்கிள் இரண்டு பேர் ஓட்டுவது. முன்னால் அண்ணி, பின்னால் நான். ஹேண்டில்பார், பிரேக், கியர், மணி, சாலை எல்லாம் முன்னால் இருப்பவருடைய சொத்து. பின்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ளத் திரும்பாத ஒரு ஹேண்டில், மிதிக்க இரண்டு கால்கள், அவ்வளவுதான். பெடல்கள் ஒன்றோடொன்று செயினில் கோத்தவை. அவர் கால் சுற்றினால் என் காலும் சுற்றும், என் கால் நின்றால் அவர் காலும் நிற்கும். வீட்டில் அதற்கு 'டபுள்ஸ்' என்று பெயர். கல்யாணமான புதிதில் அண்ணனும் அண்ணியும் ஜோடியாகப் போக ஆசைப்பட்டு வாங்கியது. முதல் ஞாயிற்றுக்கிழமை தெருமுனை வரை போனார்கள். யார் பேச்சை யார் கேட்பது என்று அங்கேயே சண்டை வந்து, அண்ணன் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டான். அன்று மாலையே அண்ணி என் அறைக் கதவைத் தட்டி, "கண்ணு, நீ வர்றியா?" என்றார்.

அண்ணி என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். புது மருமகளாக வந்த அன்று பழக்கதோஷத்தில் அப்படிக் கூப்பிட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வீடே கப்சிப் ஆகிவிட்டது. நான்தான் முதலில் சிரித்தேன். அதற்குப் பிறகு அதை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை.

அண்ணி டவுன் பஸ் ஓட்டுகிறார். நான் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். நாள் முழுக்க நாற்காலி, காதில் ஹெட்போன், எந்த வார்டு, எந்த டாக்டர், கொஞ்சம் லைனிலேயே இருங்கள். வெளியே வந்தால் கையில் கோல், அல்லது யாருடைய முழங்கையாவது. முழங்கைக்காரர் என்ன வேகத்தில் நடக்கிறாரோ அதுதான் என் வேகம். வாரம் ஒருநாள் டபுள்ஸில் ஏறினால்தான் காற்று முகத்தில் அடிக்கும். அந்தக் காற்றில் பாதியாவது என் கால் கிளப்பியது என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்புக்காகவே மீதி ஆறு நாளையும் ஓட்டிவிடுவேன்.

போன வருஷம் ஓர் இறக்கத்தில் மணலில் சறுக்கி இரண்டு பேரும் விழுந்தோம். அண்ணிக்குச் சிராய்ப்பு, எனக்குத் தோள் எலும்பு. அன்றிலிருந்து அண்ணனுக்கு டபுள்ஸைக் கண்டாலே ஆகாது. அவனுக்கு வேலை விமான நிலையத்தில், பயணிகளின் பெட்டிகளைச் சோதிக்கும் இடத்தில். எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் உள்ளே ஒரு கத்தி இருக்கும் என்று நம்புகிற புத்தி. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தியைக் கழற்றி ஆணியில் மாட்டமாட்டான். அந்தச் சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மாதக்கணக்கில் முணுமுணுத்தான். அண்ணியும் விடவில்லை. கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வைத்தே பஞ்சாயத்து முடிந்தது.

"மூணு மலை ரைடு வருதுல்ல? அதுல கடைசி மலை வரைக்கும் இவளை ஏத்திக் காட்டு. நேரத்துக்குள்ள ஏறிட்டீங்கன்னா அந்தச் சைக்கிளைப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றான் அண்ணன்.

"ஏறலைன்னா?" என்றார் அண்ணி.

"ஏறலைன்னா சைக்கிள் வீட்டை விட்டுப் போகுது. அதுக்கப்புறம் யாரும் என்கிட்ட அழக்கூடாது."

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், ஆனாலும் கேட்டிருக்கலாம். இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்ட சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.

அதோடு விட்டானா? அந்த ரைடில் கடைசி வேன் என்று ஒன்று உண்டு. உச்சிக்கு எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டுமோ, அந்தக் கணக்கு வேகத்தில் எல்லோருக்கும் பின்னால் ஊர்ந்து வரும். அது யாரைத் தாண்டுகிறதோ அவர்கள் கதை முடிந்தது, இறங்கி அதில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். வழியில் விழுந்தவர்களையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வருவதால் ஓட்டுபவர்கள் அதற்குப் 'பொறுக்கி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வருஷம் அந்தப் பொறுக்கியை ஓட்ட ஆள் தேடினார்கள். என் உடன்பிறந்த அண்ணன் தானே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான்.

முதல் மலை காலையிலேயே முடிந்தது. இரண்டாவது மலையில் வெயில் பிழிந்தெடுத்தது. மூன்றாவது மலையின் அடிவாரத்தில், ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார வைத்து வாழைப்பழமும் உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீரும் கொடுத்தார்கள். தரை குளிர்ச்சியாக இருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் வைத்துக்கொண்டேன்.

பழம் கொடுத்த அம்மா என்னைத் தாண்டி அண்ணியிடம் பேசினார். "பெரிய மனசுங்க உங்களுக்கு. கண்ணு தெரியாத பொண்ணை இவ்வளவு தூரம் இழுத்துக்கிட்டு வந்திருக்கீங்களே."

இதை அன்றைக்கு எத்தனையாவது முறையாகக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. எல்லாத் தண்ணீர்ப் பந்தலிலும் இதே பாட்டுதான். இழுத்துக்கொண்டு வருகிறார். ஏற்றிக்கொண்டு வருகிறார். சுமந்துகொண்டு வருகிறார். என்னவோ நான் பின்னால் கட்டிய சாக்குமூட்டை மாதிரி. பதில் சொன்னால் சண்டையாகும் என்று பழத்தை வாயில் திணித்துக்கொண்டேன். உள்ளுக்குள் இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அண்ணி என்னைவிட உயரம், பலசாலி. இரண்டு பேர் மிதிக்கும்போது யார் எவ்வளவு மிதிக்கிறார்கள் என்று காட்ட எந்த மீட்டரும் எங்கள் சைக்கிளில் இல்லை.

"என்னங்க நீங்க, அவளும்தான் மிதிக்கிறா" என்றார் அண்ணி. குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. களைப்பு என்று நினைத்தேன்.

அந்த நேரம் வேன் வந்து நின்றது. அண்ணன் இறங்கி வந்து முதல் காரியமாக என் தோளைத் தொட்டுப் பார்த்தான்.

"எங்கயும் விழலையே?"

"விழுந்தா உனக்குத்தானே முதல்ல லாபம்?" என்றேன்.

"வாய் குறையல. சரி. வேன்ல இப்பவே பாதி நிறைஞ்சாச்சு. உங்களுக்கு இடம் போட்டு வெச்சிருக்கேன்."

"அந்த இடத்துல உங்க டிபன் பாக்ஸை வெச்சுக்குங்க. கண்ணு, எழுந்திரு" என்றார் அண்ணி.

நாங்கள் கிளம்பிய பிறகு கொஞ்ச நேரம் விட்டு வேன் கிளம்பும். அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்கள் கையிருப்பு.

டபுள்ஸில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. அண்ணிக்குத் தெரிவதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பள்ளம், வளைவு, கியர், பிரேக். அவர் சொன்னதை நான் கேள்வி கேட்கக் கூடாது. முன்னால் இருப்பவர் பேச்சைப் பின்னால் இருப்பவர் சந்தேகப்பட ஆரம்பித்தால் ஒரு தெருவைக்கூடத் தாண்ட முடியாது. அண்ணி சொல்வது பஸ் டிரைவர் பாணியில் இருக்கும். "இடது வளைவு, கம்பியைப் பிடிச்சுக்குங்க." "பள்ளம், பள்ளம், ஏறி இறங்குது." "பாலம் ஸ்டாப், இறங்குறவங்க இறங்கலாம்." நான் சிரித்தால் மூச்சு வாங்கும். அதனால் சிரிக்காமல் கேட்டுக்கொள்வேன்.

மூன்றாவது மலையின் முதல் பாதியில் அந்தப் பேச்செல்லாம் இருந்தது. கால்கள் வலித்தாலும் சீராகச் சுற்றின. கீழே தூரத்தில் அண்ணனின் ஹாரன் கேட்டது. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்புவான், எதிரில் எறும்பு வந்தாலும் எச்சரிக்க வேண்டும் அவனுக்கு. அது எனக்கு வசதியாகப் போயிற்று. ஹாரன் கேட்கிற தூரத்தை வைத்தே எங்களுக்கும் வேனுக்கும் இடையே எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டு வந்தேன்.

ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினோம். சொட்டும் சத்தத்தை வைத்துச் சொல்கிறேன். அதற்குப் பிறகு அண்ணியின் பேச்சு நின்றுவிட்டது. சற்று நேரம் கழித்து, "கண்ணு, இங்கருந்து செங்குத்து. நல்ல செங்குத்து. மிதி" என்றார். கியரை இருப்பதிலேயே லேசானதற்குத் தள்ளினார்.

மிதித்தேன். எமன் மாதிரி கனத்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் பெடலைக் கீழே தள்ளுவதற்குள் கண்ணுக்குள் பூச்சி பறந்தது. பூச்சி பறப்பதற்குப் பார்வை தேவையில்லை என்பதை அன்று தெரிந்துகொண்டேன். வழக்கமாகச் செங்குத்தில் உடம்பு பின்னால் சாயும், நான் ஹேண்டிலைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொள்வேன். அன்று அப்படிச் சாய்ந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் காலையிலிருந்து குனிந்தே இருந்த முதுகு அது, அதன் சாட்சியை யார் நம்புவது? அண்ணி செங்குத்து என்றால் செங்குத்து.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு. மிதி."

இந்தச் சாலையைப் போட்ட இன்ஜினியரையும் அவரைப் பெற்றவர்களையும் மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மிதித்தேன். திட்டத் திட்ட ஒரு வேகம் வந்தது. ஹாரன் நெருங்கிக்கொண்டிருந்தது. முதலில் மூன்று நான்கு வளைவுகளுக்குக் கீழே கேட்டது, பிறகு இன்னும் தெளிவாக. நாங்கள் நடக்கிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தோம் என்று சக்கரத்தின் சத்தமே சொன்னது. டபுள்ஸ் போய்விடும் என்று நினைத்தேன். இனிமேல் எல்லா நாளும் முழங்கைதான் என்று நினைத்தேன். அழுதால் மூச்சு போகும் என்று அழுகையையும் விழுங்கிவிட்டு மிதித்தேன்.

அப்போது, எந்த அறிவிப்பும் இல்லாமல், பிரேக் விழுந்தது.

மூக்கு அண்ணியின் முதுகில் இடித்தது. நான் அவசரமாக ஒரு காலை ஊன்றினேன். சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்து, அண்ணியும் ஊன்றி, எப்படியோ விழாமல் நின்றோம்.

"என்னாச்சு? செயின் போச்சா?"

எங்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆண் குரல், நடுத்தர வயது இருக்கும், தயங்கித் தயங்கிப் பேசியது. "ஏங்க நின்னுட்டீங்க? ஏதாவது வேணுமா?"

"நீங்கதானே கையைக் காட்டினீங்க?" என்றார் அண்ணி.

"நானா? நான் சும்மா உற்சாகப்படுத்தக் கையை ஆட்டினேங்க. என் பொண்ணு ஓட்டுறா. அவ அப்பவே போயிட்டா. சரி, கடைசி ஆளு வரைக்கும் கையாட்டிட்டுப் போகலாம்னு நின்னேன்."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. எத்தனை வருஷமாக அண்ணி பஸ் ஓட்டுகிறார்! சாலையோரத்தில் ஓர் ஆள் நின்று கையைத் தூக்கினால் அவருடைய கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். இங்கே கால் இல்லை, கை போயிருக்கிறது. உடம்பைப் பிழிந்து பாதி மலை ஏறிவிட்டு, பயணி ஏறுவதற்காக நிறுத்தியிருக்கிறார்!

"அண்ணி! டிக்கெட் கொடுத்துட்டுக் கிளம்பலாமா?" என்று கத்தினேன். "செங்குத்துல நிறுத்திட்டீங்களே! இங்கருந்து எப்படிக் கிளப்புறது?"

ஏற்றத்தில் ஒற்றைச் சைக்கிளைக் கிளப்புவதே கஷ்டம். டபுள்ஸை நிறுத்திவிட்டால் அவ்வளவுதான் என்று சொல்லிச் சொல்லித்தான் பழகியிருந்தோம்.

"செங்குத்தா?" என்றார் அந்த மனிதர், உதவுகிற நல்ல எண்ணத்தோடு. "இங்க என்னங்க செங்குத்து? தண்ணித் தொட்டியிலருந்து இது வரைக்கும் லேசான ஏத்தம்தானே. சின்னப் பசங்ககூட ஓட்டிட்டுப் போறாங்க. அந்தா அந்த வளைவு தாண்டினாத்தான் செங்குத்தே. ஆனா கொஞ்ச தூரம்தான், அப்புறம் உச்சி."

நான் அண்ணியின் பக்கம் திரும்பினேன். அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. சைக்கிளின் நடுக்கம்பி என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. அது நடுங்கியது. கம்பி ஏன் நடுங்கும்? அதன் மேல் சாய்ந்திருந்த அண்ணியின் கால் நடுங்கியது.

"அண்ணி."

"ம்."

"தொட்டியிலருந்து நீங்க மிதிக்கவே இல்லையா?"

"தொட்டிக்கு முன்னாலயே வலது தொடை இழுத்துப் பிடிச்சிருச்சு கண்ணு. முடிச்சு விழுந்த மாதிரி. பெடல்ல காலை வெச்சிருந்தேன், அவ்வளவுதான். நீ சுத்தினே, அது சுத்துச்சு."

"செங்குத்துன்னு சொன்னீங்களே!"

"வேற என்ன சொல்ல? ஏன் கனக்குதுன்னு கேப்பியே நீ."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் சொல்லை நம்பித்தான் நான் கண்ணை மூடிக்கொண்டு, மூடாவிட்டாலும் ஒன்றுதான், இறக்கத்தில் காற்றாகப் பாய்கிறேன். அந்தச் சொல்லில் ஒன்று பொய்யாக இருக்கலாம் என்றால் நாளைக்கு எதை நம்புவது? அதை அப்படியே கேட்டேன். அந்த மனிதர் இரண்டடி நகர்ந்து நின்றுகொண்டார்.

"உண்மையைச் சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?" என்றார் அண்ணி. "அண்ணிக்கு வலிக்குது, போதும், வேன்ல ஏறிடலாம்னு நீயே இறங்கியிருப்பே. உங்க அண்ணன் சைக்கிளைத் தூக்கிக் கொடுத்திருப்பாரு. ஆறு நாளும் நீ போன்ல 'லைன்லயே இருங்க'ன்னு சொல்லிட்டுக் கிடப்பே. நான் அதைப் பாத்துக்கிட்டுக் கிடக்கணும். தப்புதான். இனிமே செத்தாலும் ரோட்டைப் பத்திப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா இதுக்கு மேல என்னால முடியலடி."

அண்ணி என்னை 'டி' போட்டதும் அன்றுதான், முடியவில்லை என்று சொல்லி நான் கேட்டதும் அன்றுதான். அவர் சொன்னது வாஸ்தவம். நான் இறங்கித்தான் இருப்பேன்.

கோபத்துக்கு அடியில் இன்னொன்று மெல்லத் தலை தூக்கியது. தொட்டியிலிருந்து இங்கே வரை. அண்ணி என்னைவிட உயரம், பலசாலி, கனமும் அதிகம். அவரையும் சைக்கிளையும் நான் ஒருத்தி மிதித்துக்கொண்டு வந்திருக்கிறேன். மலையைத் திட்டிக்கொண்டே வந்திருக்கிறேன், மலை ஒரு பாவமும் செய்யவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணீரும் வந்துவிட்டது. அந்தக் கண்களுக்கு அது ஒன்றாவது ஒழுங்காகத் தெரியும்.

ஹாரன் கேட்டது. இரண்டு வளைவுக்குக் கீழே.

"அண்ணி, நீங்க பஸ்ல என்ன பண்ணுவீங்க? இன்ஜினையா தள்ளுவீங்க?"

"என்ன பேசுறே நீ?"

"ஓட்டுங்க. நீங்க டிரைவர். நான் இன்ஜின். எந்தக் கால் நல்லா இருக்கு?"

"இடது பரவாயில்லை."

"அப்ப இடதை மட்டும் கொடுங்க, முடிஞ்சப்போ. ஏறுங்க."

"நான் பின்னால பிடிச்சுத் தள்ளி விடட்டுங்களா?" என்று அந்த மனிதர் ஓடி வந்தார்.

"தொடாதீங்க!" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். வெளியாள் கை பட்டால் கணக்கில் சேராது. அதிலும் வருகிறவன் பெட்டிக்குள் பெட்டி தேடுகிறவன். பாவம், அந்த மனிதர் கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருப்பார்.

டபுள்ஸைக் கிளப்பும்போது முன்னால் இருப்பவர் காலை அகட்டி நின்று வண்டியைப் பிடித்துக்கொள்வார். பின்னால் இருப்பவர் ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் பெடலில் வைத்துவிட வேண்டும். 'போ' என்றதும் ஓர் அழுத்து. முதல் முறை அழுத்தினேன், அரைச் சுற்று போய் அண்ணியின் வலது கால் மடங்க, சைக்கிள் சரிந்தது. ஊன்றிக்கொண்டோம். கீழே இன்னொரு ஹாரன்.

"இரு" என்றார் அண்ணி. குரலில் அதட்டல் திரும்பியிருந்தது. "டிப்போவுல வண்டியைத் திருப்புற மாதிரி திருப்பறேன். ரோட்டுக்குக் குறுக்கால நிறுத்தினா ஏத்தமே கிடையாது. குறுக்கால கிளம்பி, வேகம் வந்ததும் மேல ஒடிக்கிறேன். வலது பெடல் மேல வந்திருக்கா? ம். போ!"

போனோம். சாலையின் அகலம் முழுக்கக் குறுக்காக ஓடி, அந்தப் பக்கத்து ஓரம் வந்துவிட்டதோ என்று நான் பயந்த நேரத்தில் அண்ணி ஒடித்தார். பின்னால் அந்த மனிதர் தொண்டை கிழியக் கத்தியது கேட்டது. கையை ஆட்டினாரா என்று தெரியவில்லை. ஆட்டியிருந்தாலும் அண்ணி திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

வளைவு தாண்டியதும் உண்மையான செங்குத்து வந்தது. முதுகு பின்னால் சாய்ந்தது. இந்த முறை முதுகும் அண்ணியும் ஒரே வாக்குமூலம் கொடுத்தார்கள்.

"கண்ணு, உள்ளதைச் சொல்லிடறேன். சுவர் மாதிரி இருக்கு. உச்சியில கொடி தெரியுது. நடுவுல மூணு வளைவு. வளைவெல்லாம் வெளிப்பக்கமா சுத்தி எடுக்கறேன், தூரம் கூடும், ஏத்தம் குறையும்."

"ம்."

"இப்ப நாலு மிதி பலமா. அஞ்சாவதுல விட்டுப் பிடி. இடது கால் நான் தர்றேன்."

தந்தார். ஒவ்வொரு சுற்றிலும் இடது பக்கம் இறங்கும்போது பெடல் கொஞ்சம் லேசாகும், வலது பக்கம் வரும்போது முழு மலையும் என் காலில் உட்காரும். லேசு, கனம், லேசு, கனம். நொண்டி ஆள் நடப்பது மாதிரி ஒரு தாளத்தில் ஏறினோம். அண்ணி பொய்யும் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. முதல் வளைவு முடிஞ்சது. இடது ஓரம் ஜல்லி, நடுவுக்கு வர்றேன். ரெண்டாவது வளைவு, அகலமா எடுக்கறேன். அவ்வளவுதான் பேச்சு. அவர் வளைவுகளை எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். அத்தனை நீள வண்டியை, அந்த ஊர்கிற வேகத்தில், ஆடாமல் அசையாமல் திருப்பினார். நான் மிதிக்க மட்டும் செய்தால் போதும் என்று இருந்தது.

இரண்டாவது வளைவுக்குப் பிறகு ஹாரனோடு இன்ஜின் சத்தமும் கேட்க ஆரம்பித்தது. அண்ணன் முதல் கியரில் உறுமிக்கொண்டு வந்தான். அவன் வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. அவன் அப்படித்தான். தங்கைக்காகக் கூட ஒரு நிமிஷம் விட்டுக்கொடுக்க மாட்டான், தங்கையைப் பிடிப்பதற்காக ஒரு நிமிஷம் திருடவும் மாட்டான். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவனைப் பிடிக்கும். ஜெயித்தால் ஜெயித்ததாக இருக்கும்.

"மூணாவது வளைவு. இதான் கடைசி. கண்ணு, இதுல நான் இடது காலும் தர முடியாது போலிருக்கு."

"வேணாம். ஓட்டுங்க."

அந்த வளைவில் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாயில் இரும்பு ருசி வந்தது. காதில் ரத்தம் இரைந்தது, வேன் சத்தம்கூட அதற்குப் பின்னால் போய்விட்டது. ஒரு மிதி, அப்புறம் இன்னொன்று. டாக்டர் லைனில் வரும் வரைக்கும் காத்திருக்கச் சொல்லி எத்தனை பேரை நிறுத்தியிருக்கிறேன் என்று சம்பந்தமில்லாமல் ஞாபகம் வந்தது. பிறகு பெடல் சட்டென்று லேசானது. செயின் அறுந்துவிட்டது என்று நினைத்து அலறினேன்.

"சமதளம்டி!" என்று அண்ணி என்னைவிட உரக்க அலறினார். "சமதளம்! கோடு! தாண்டியாச்சு!"

கைதட்டல் கேட்டது. யாரோ மைக்கில் ஏதோ சொன்னார். அண்ணி பிரேக் பிடித்தார், இந்த முறை சொல்லிவிட்டுப் பிடித்தார். நான் இரண்டு காலையும் ஊன்றினேன். கீழே, கடைசி வளைவில், என் அண்ணன் ஹாரன் அடித்தான்.

அதற்குள் நான்கைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பெண் அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்க வேண்டும், சைக்கிள் ஆடியது. "கண்ணு தெரியாதவங்களை வெச்சுக்கிட்டு எப்படிங்க இந்த ஏத்தத்துல இழுத்துட்டு வந்தீங்க? உங்களுக்குத்தாங்க பரிசு தரணும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பேச மூச்சில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், முதல் முறையாக அந்தப் பேச்சு எனக்கு வலிக்கவே இல்லை.

வேன் வந்து நின்றது. கதவு திறந்தது. அண்ணனின் செருப்புச் சத்தம் வேகமாக என்னிடம் வந்தது. வழக்கம்போல முதலில் தோள், பிறகு முழங்கையைப் பிடித்து, "மெதுவா இறங்கு, நான் பிடிச்சுக்கறேன்" என்றான். தோற்றதற்காக அவன் வருத்தப்படவில்லை என்று அந்தக் குரலே சொன்னது.

"என்னங்க, அங்க எங்க போறீங்க?" என்றார் அண்ணி. "இங்க வந்து என்னைப் பிடிங்க. வலது காலைத் தூக்க முடியல. தண்ணித் தொட்டியிலருந்து அவதான் என்னை வெச்சு மிதிச்சுக்கிட்டு வந்தா. அவளை விடுங்க, அவ நிப்பா."

அண்ணன் கை என் முழங்கையிலேயே இருந்தது. ஒரு நிமிஷம் அது அங்கேயே இருந்தது, என்ன செய்வதென்று தெரியாத கை மாதிரி. அப்புறம் எடுத்துவிட்டான்.

"சைக்கிளைப் பிடிச்சுக்கோ" என்றான் என்னிடம். "உங்க அண்ணியை இறக்கணும். சாயாம பிடி."

நான் பின் சீட்டிலிருந்து இறங்கி, கைகளை விரித்து, ஒரு கையால் என் ஹேண்டிலையும் இன்னொரு கையால் முன் சீட்டையும் பிடித்துக்கொண்டேன். அண்ணியின் கனம் முழுக்க ஒரு முறை என் பக்கம் சாய்ந்தது. நான் அசையவில்லை. அவன் அவரைத் தூக்கி இறக்கினான், அண்ணி அவனுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு நொண்டிக்கொண்டே வேனுக்குப் போனார், போகிற வழியெல்லாம் கிளட்ச்சை எப்படி மிதிக்க வேண்டும் என்று அவனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டு. என்னை யாரும் பிடிக்கவில்லை. மலை உச்சியில், காற்றில், ஒரு நீளமான சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான் தனியாக நின்றேன்.